தேனா, தேன்பிசினா, தேனீ நஞ்சா: வைரஸிடம் எது எடுபடும்?

தேன்கூட்டிலிருந்து வரும் எல்லாவற்றையும் வைரஸ் கொல்லி என்று விற்கும் வழக்கம் கொரோனா காலத்தில் சூடுபிடித்தது. தேன், புரோபோலிஸ் எனப்படும் தேன்பிசின், தேனீ நஞ்சு, ராணித் தேனீக்கு ஊட்டப்படும் ராயல் ஜெல்லி நான்கையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறார்கள். ஆய்வகக் கிண்ணத்தில் நான்குமே ஏதேனும் ஒரு வைரஸை ஓரளவு அடக்கியிருக்கின்றன. அதில் வியக்க ஒன்றுமில்லை. சோப்புத் தண்ணீரும் அங்கே அடக்கும். நோயாளியின் உடம்பில், மருந்தோடு போட்டியிட்டபோது என்ன ஆனது என்பதுதான் கேள்வி.

தேனுக்கு நல்ல சான்று இருமலில் இருக்கிறது. 2007-இல் அமெரிக்காவில் சளி பிடித்த 105 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. படுக்கும் முன் தேன் சாப்பிட்டவர்கள், மருந்து எதுவும் எடுக்காதவர்களைவிடக் குறைவாக இருமினார்கள், நன்றாகத் தூங்கினார்கள் என்று பெற்றோர் மதிப்பிட்டனர். இருமல் சிரப்பில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பனுக்கு அந்த அளவு பெயர் கிடைக்கவில்லை. ஆனால் இது தொண்டையை ஆற்றும் வேலை. வைரஸைக் கொன்றதாகப் பொருளில்லை. சித்த மருத்துவத்தில் தேனைச் சூரணம் குழைக்கும் அனுபானமாக வைத்திருப்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அங்கே அது பெரும்பாலும் துணை, தலைவன் அல்ல.

தோலில் கதை வேறு. மருந்து வைரஸ் இருக்கும் இடத்துக்கே போய்ச் சேர்கிறது. நியூசிலாந்தில் உதட்டோரம் ஹெர்பிஸ் என்ற வைரஸால் கொப்புளம் வந்த 952 பேரில் ஒரு சாராருக்குக் கானுகா மரப் பூவின் தேனில் செய்த களிம்பும், மறு சாராருக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்தான அசைக்ளோவிர் களிம்பும் கொடுத்தார்கள். 2019-இல் வெளியான முடிவு: தோல் பழைய நிலைக்குத் திரும்ப அசைக்ளோவிருக்கு 8 நாள், தேனுக்கு 9 நாள். புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. தேன் ஜெயித்தது என்று இதைக் கொண்டாடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இந்தக் கொப்புளத்தில் அசைக்ளோவிர் களிம்பே ஏறத்தாழ அரை நாளைத்தான் மிச்சப்படுத்தும். அதற்குச் சமம் என்பது பெரிய பட்டமில்லை.

தோலில் என் கட்சி தேன்பிசின். மர மொட்டுகளின் பிசினைச் சுரண்டி வந்து தேனீக்கள் கூட்டின் இடுக்குகளை அடைக்கும் பொருள் அது. 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், பிறப்புறுப்பு ஹெர்பிஸ் உள்ள 90 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். பத்தாம் நாளில் தேன்பிசின் களிம்பு பூசிய 30 பேரில் 24 பேருக்குப் புண் ஆறியிருந்தது. அசைக்ளோவிரில் 14, வெற்றுக் களிம்பில் 12. முப்பது முப்பது பேர் என்பது சிறிய கூட்டம், ஆனாலும் தேன் காட்டாத இடைவெளியை இது காட்டியது.

விழுங்கினால்? பிரேசிலின் சால்வடோர் நகரில் மருத்துவமனையில் சேர்ந்த 124 கோவிட் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு பச்சை நிறத் தேன்பிசினும் கொடுத்தார்கள். அவர்கள் 6, 7 நாளில் வீடு திரும்ப, மற்றவர்களுக்கு 12 நாள் ஆனது. ஆக்சிஜன் தேவையிலோ மாற்றமில்லை. போலி மருந்து வைத்து ஒப்பிடாத ஆய்வு இது. யார் எதைச் சாப்பிடுகிறார் என்பது மருத்துவருக்கும் தெரியும், எப்போது அனுப்புவது என்று முடிவெடுப்பதும் மருத்துவர்தான். போலி மருந்தோடு அதே குழு மறுபடி செய்தபோது படுக்கை நாட்கள் குறையவில்லை. இன்னொரு சிக்கல்: பிரேசிலில் பிசின் ஒரு புதர்ச்செடியிலிருந்தும், ஐரோப்பாவில் பாப்லர் மரத்திலிருந்தும் வருகிறது. பெயர் ஒன்று, சரக்கு வேறு. ஓர் ஊர் முடிவை இன்னோர் ஊர்ப் புட்டியில் ஒட்ட முடியாது.

தேனீ நஞ்சில் உள்ள மெலிட்டின் என்ற பொருள் எச்.ஐ.வி.யின் உறையைத் துளைக்கும் என்று 2013-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். அது நானோ துகளில் ஏற்றிய மெலிட்டின், அதுவும் ஆய்வகத்தில். தேனீயை விட்டுக் கொட்டவைக்கும் ‘சிகிச்சை’க்கும் அதற்கும் தொடர்பே இல்லை, ஒவ்வாமை இருந்தால் உயிரே போகும். ராயல் ஜெல்லிக்கு விலை இருக்கிறது, வைரஸ் விஷயத்தில் நோயாளிகளிடம் பெற்ற சான்று இல்லை.

ஆகவே இருமலுக்குத் தேன், ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் கூடவே கூடாது, பாட்டுலிசம் என்ற, தசைகளை முடக்கும் நச்சு நோய் வரலாம். சர்க்கரைப் பாகு கலக்காத தேன் கிடைப்பது தனிப் பாடு: 2020-இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சோதித்த 13 பிராண்டுகளில் மூன்றுதான் எல்லாச் சோதனைகளிலும் தேறின. உதட்டுக் கொப்புளத்துக்குத் தேன்பிசின் களிம்பைப் பூசிப் பார்க்கலாம், முதலில் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி அரிப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டு.