சேர்வராயன் அடிவாரத்தில் தூண்டில் போட இடம் தேடுவது: சில வருட அனுபவம்

ஏற்காட்டில் டிரவுட் (குளிர்ந்த மலை ஓடைகளில் வாழும் மீன்) கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கிடைக்காது. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். டிரவுட் நிலைத்து வாழ வேண்டுமென்றால் 20 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த தண்ணீர் வருடம் முழுக்க ஓட வேண்டும். நம் மலை ஓடைகள் மாசி, பங்குனியில் வெறும் பாறையாகக் கிடக்கும். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் 2,000 மீட்டருக்கு மேலே 1907 வாக்கில் வெள்ளைக்காரர்கள் குஞ்சு பொரிப்பகம் வைத்து அதை நிலைக்க வைத்தார்கள். அங்கேயும் வனத்துறை, மீன்வளத்துறை அனுமதி இல்லாமல் தூண்டில் ராடைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது.

ஆனால் டிரவுட் பிடிப்பவர்கள் ஓடையைத் தேடும் முறை இருக்கிறதே, இந்தத் தண்ணீருக்கு நான் உரிமையோடு எந்த வழியாகப் போகலாம் என்று முதலில் பார்ப்பது, அப்புறம் தண்ணீரைப் படிப்பது, அதாவது ஓட்டத்தைப் பார்த்து மீன் எங்கே நிற்கும் என்று கணிப்பது, அதைத்தான் நான் சேலத்தில் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். மிக நன்றாக வேலை செய்கிறது. மீன்தான் வேறு: கெண்டை, கெளுத்தி, விரால், ஜிலேபி, அதிர்ஷ்டம் இருந்தால் ஆரால்.

என் முறையில் பாதி வேலை வீட்டிலேயே முடிந்துவிடும். செயற்கைக்கோள் படம் ஓடை எங்கே போகிறது என்று காட்டும், அது யாருடையது என்று காட்டாது. அதற்கு அரசின் நில ஆவணத் தளம் இருக்கிறது, பட்டா எடுக்க எல்லோரும் போகிற அதே தளம்தான். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அ-பதிவேடு வரும், அதில் அந்த நிலம் பட்டாவா, அரசுப் புறம்போக்கா, புறம்போக்கு என்றால் ஓடையா வாய்க்காலா பாதையா என்று எழுதியிருக்கும். புல எண் தெரியாவிட்டால் மாநில அரசின் புவியியல் வரைபடத் தளத்தில் அந்த இடத்தைத் தொட்டால் எண் வந்துவிடும். நான் தேடுவது ஒன்றே ஒன்று: பாதைப் புறம்போக்கும் ஓடைப் புறம்போக்கும் எங்கே ஒன்றையொன்று தொடுகின்றன? பெரும்பாலும் அந்த இடத்தில் ஒரு தரைப்பாலமோ பழைய வண்டித்தடமோ இருக்கும். அதுதான் வாசல். அங்கே இறங்கினால் யாருடைய தோட்டத்தையும் மிதிக்காமல் ஓடைக்குள்ளேயே மேலும் கீழும் நடந்து போய்க்கொண்டே இருக்கலாம்.

புலப்படத்தையும் (அந்தப் புல எண்ணின் அளவு வரைபடம்) கூடவே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடையின் அகலம் அதில்தான் தெரியும். காகிதத்தில் நல்ல அகலமாக இருக்கிற ஓடை, நேரில் போனால் இரண்டு பக்கமும் வேலி நெருக்கி ஒரு ஆள் நடக்கிற அளவுக்குச் சுருங்கியிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் நான் சட்டம் பேசுவதில்லை. தோட்டக்காரரிடம் "அண்ணா, ஓடையில தூண்டில் போடலாங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவேன். வேண்டாம் என்று சொன்னவர்கள் குறைவு. "அங்க என்ன இருக்கப் போவுது, பாலத்துக்குக் கீழ போங்க தம்பி, மடு அங்கதான்" என்று சொல்லி அனுப்பியவர்கள்தான் அதிகம். எந்தச் செயலியும் தராத தகவல் இது.

இந்த முறையின் குறைகளையும் சொல்ல வேண்டும். படத்தில் நீலக்கோடு இருந்தால் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மரம் அடர்ந்த இடத்தில் ஓடையே தெரியாது. காப்புக்காட்டின் எல்லை நாம் வழக்கமாகப் பார்க்கும் வரைபடங்களில் தெளிவாக இருக்காது, நடந்துகொண்டே இருக்கும்போது எல்லைக்கல்லைப் பார்த்தால் அங்கேயே திரும்பிவிட வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் மீன் பிடிப்பது குற்றம், அதில் பேச்சுக்கே இடமில்லை. மலை மேலே நல்ல ஓடைகளில் பாதி காட்டுக்குள், மீதி காபித் தோட்டங்களின் கேட்டுக்கு உள்ளே. ஏற்காடு ஏரி படகு விடுகிற இடம், அங்கே ரீலைச் சுழற்ற முடியாது. கிளியூர் அருவிப் பாறைகள் வழுக்கும், கூட்டமும் அதிகம். அதனால் என் முடிவு இதுதான்: மலை மேலே சுற்றிப் பாருங்கள், காபி வாங்குங்கள், தூண்டிலை அடிவாரத்துக்கு எடுத்து வாருங்கள்.

ஏரி, குளம் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் பொது என்பதால் மீனும் பொது என்று நினைத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் போன ஏரியில் குஞ்சு வாங்கி விட்டிருப்பவர் குத்தகைக்காரர், அது அவருடைய முதலீடு. ஊருக்குள் டீக்கடையில் கேட்டால் குத்தகை யாரிடம் என்று சொல்லிவிடுவார்கள். அவரிடம் நேராகப் போய்க் கேட்டால், ஒரு தூண்டில்தானே என்று சிலர் விட்டுவிடுவார்கள், சிலர் கட்டணம் கேட்பார்கள், இரண்டுமே நியாயம்.

சரி, இடங்களுக்கு வருவோம். சேர்வராயன் மலையில் பிறந்து ஓமலூர், எடப்பாடி வழியாகக் காவிரிக்குப் போகும் சரபங்கா, மழை பெய்து தண்ணீர் தெளிந்த பிறகு அருமையாக இருக்கும். கலங்கலாக ஓடும்போது போகாதீர்கள், தெளியும் வரை பொறுங்கள். தடுப்பணைகளில் தண்ணீர் வழிந்து விழும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, நுரை முடிந்து ஓட்டம் அமைதியாகும் கோட்டில்தான் கெண்டை நிற்கும். ஓட்டத்தை எதிர்த்துத் தலையை வைத்து நிற்கும் என்பதால் பின்பக்கமிருந்து, அதாவது நீங்கள் கீழேயிருந்து மேலே நடந்து வர வேண்டும். டிரவுட்காரர்கள் சொல்கிற முதல் பாடம் இது, நம் ஓடையிலும் ஒரு எழுத்து மாறாமல் பொருந்துகிறது. பெரிய கல்லுக்கு முன்னும் பின்னும், கரை அரித்து உள்ளே குடைந்த இடம், மரநிழல் விழும் மடு, இந்த மூன்றையும் விடாதீர்கள். விரால் மட்டும் வேறு கணக்கு. ஓட்டமே இல்லாமல் செடி மண்டிய ஓரத்தில் இருக்கும், அதற்கு ரப்பர் தவளை போதும்.

காவிரி என்றால் என் ஓட்டு பூலாம்பட்டிக்கு. நெரிஞ்சிப்பேட்டை கதவணையால் அங்கே தண்ணீர் தேங்கி நிற்பதால் கோடையிலும் ஏமாற்றாது. விடிகாலையில் போனால் பரிசல்காரர்கள் வலை எடுத்து வருவதைப் பார்க்கலாம், அவர்கள் வலை கட்டுகிற பக்கம் போகாமல் தள்ளி உட்காருங்கள், அது அவர்கள் பிழைப்பு. ஆனால் கதவணையை ஒட்டியோ மேட்டூர் அணைக்குக் கீழே பாறை மேலோ நிற்கவே கூடாது. மின் உற்பத்திக்கும் பாசனத்துக்கும் தண்ணீரைக் கூட்டிக் குறைப்பார்கள், அணை 120 அடி நிரம்பினால் 16 கண் மதகையும் திறப்பார்கள், சாதாரணமாகத் தெரிந்த பாறை கொஞ்ச நேரத்தில் தீவாகிவிடும். வெள்ள எச்சரிக்கை வந்த வாரத்தில் காவிரிக்கரைப் பக்கமே போகாதீர்கள், எத்தனை பெரிய மீன் துள்ளினாலும்.

திருமணிமுத்தாறு? அதுவும் நம் மலையில் பிறந்த ஆறுதான். சேலம் நகரத்துக்குள் வந்ததும் சாக்கடையும் சாயக்கழிவும் சேர்ந்துவிடுகிறது. நகரத்துக்குக் கீழே பிடிக்கிற மீனைச் சாப்பிடாதீர்கள். இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சாமான் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏழு அடி லைட் ராடு, 2500 அளவு ரீல், 8 பவுண்டு இழுவை தாங்கும் தூண்டில் நரம்பு, மண்புழு. ஓடைக்குள் முள்மரம் தலைக்கு மேலே தொங்குவதால் அதைவிட நீளமான ராடு தொல்லை. இவ்வளவு நாளில் எனக்கு உண்மையாக உதவிய பொருள் போலரைஸ்டு கண்ணாடி. தண்ணீர் மேல் வெயில் மின்னுவதை வெட்டிவிடும், கீழே மீன் நிற்பது கண்ணுக்குத் தெரியும். ராடில் மிச்சம் பிடித்தாவது அதை வாங்குங்கள்.

கோபமாக ஒன்று. தோட்டா (வெடி) போட்டும் விஷ மருந்து கலந்தும் மீன் பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1897ஆம் வருடச் சட்டத்திலேயே இரண்டும் குற்றம். ஒரு மடுவில் ஒருமுறை மருந்து கலந்தால் குஞ்சு, முட்டை, நத்தை எல்லாம் போய்விடும், பிறகு அந்த மடுவில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பது வீண். பார்த்தால் ஊர்த்தலைவரிடமோ காவல் நிலையத்திலோ சொல்லுங்கள். அறுந்த நரம்பையும் அங்கே போட்டுவிட்டு வராதீர்கள், கொக்கு காலில் சுற்றிக்கொள்ளும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஐப்பசி மழை விட்ட பிறகு, கார்த்திகை, மார்கழியில் சரபங்காவிலிருந்து ஆரம்பியுங்கள். மாசிக்குப் பிறகு ஓடையை விட்டுவிட்டுப் பூலாம்பட்டிக்கு மாறிக்கொள்ளலாம்.