தழும்பில் வந்த ஹெர்னியா: அல்ட்ராசவுண்டா, சிடி ஸ்கேனா?

அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்த தழும்பை ஒட்டி ஒரு புடைப்பு. படுத்தால் உள்ளே போய்விடும், இருமினால் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு வெளியே வரும். ஹெர்னியாதான் (வயிற்றுத் தசையில் ஓட்டை விழுந்து குடல் வெளியே பிதுங்குவது) என்று டாக்டர் கையை வைத்துப் பார்த்தே சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு முன் எந்த ஸ்கேன் எடுப்பது என்பதில்தான் பெங்களூர் அல்சூரில் உள்ள எங்கள் வீட்டில் இரண்டு நாள் பேச்சு. இரண்டையும் எடுத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நான் சிடி பக்கம்.

முதலில் அல்ட்ராசவுண்ட். கதிர்வீச்சு கிடையாது, செலவு குறைவு, பத்து நிமிட வேலை. நிற்க வைத்து, இரும வைத்து, குடல் வெளியே தள்ளுவதை அந்த நொடியிலேயே பார்க்கலாம். ஆனால் நாங்கள் போன இடத்தில் அம்மாவைப் படுக்க வைத்து மட்டுமே பார்த்தார்கள். ரிப்போர்ட்டில் இருந்தது ஒரே வரி: 4 செ.மீ. ஓட்டை ஒன்று. கூடவே சாம்பல் திட்டுகளாக இரண்டு படம். டாக்டர் அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்துவிட்டார்.

அங்கேதான் வித்தியாசம். அல்ட்ராசவுண்டில் பார்ப்பவர் ஒருவர், அறுப்பவர் இன்னொருவர். முன்னவர் பார்க்காமல் விட்டது பின்னவருக்குத் தெரியவே தெரியாது. சிடியில் வயிறு முழுவதும் துண்டு துண்டாகப் பதிவாகிவிடுகிறது. அறுக்கப் போகிறவரே தன் கம்ப்யூட்டரில் போட்டு, வேண்டிய இடத்தில் அளந்துகொள்ளலாம்.

சிடி அறையில் டெக்னீஷியன் கன்னடத்தில் "உசிரு ஹிட்கொள்ளி" என்றார், அதாவது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதோடு நன்றாக முக்கவும் சொன்னார். முக்கும்போது எடுத்தால்தான் ஓட்டை முழுதாக விரிந்து தெரியுமாம். சிடி எடுப்பவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

டாக்டர் எங்களையும் திரைக்கு முன் உட்காரவைத்துக் காட்டினார். ஓட்டை 4 அல்ல, 6 செ.மீ. அதற்கு மேலே, கைக்குத் தட்டுப்படாத சின்ன ஓட்டை இன்னொன்று. பிறகு நடுவயிற்றின் இரண்டு பக்கத்து நேர்தசைகளின் அகலத்தையும் அளந்து கூட்டினார்: 13 செ.மீ. அது ஓட்டையின் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால், பக்கவாட்டுத் தசைகளைப் பிரித்துத் தளர்த்தாமலேயே நடுவில் இழுத்து மூடி, அடியில் வலை வைத்துவிட முடியும் வாய்ப்பு அதிகம். அம்மாவுக்கு அது இரண்டு மடங்கைக் கொஞ்சம்தான் தாண்டியது. 4க்கும் 6க்கும் நடுவே ஆபரேஷன் திட்டமே மாறலாம் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஜெயநகரில் இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போனபோதும் சிடி படங்கள் பதிந்த அதே டிஸ்க்தான் கைகொடுத்தது. மறுபடி ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை.

கதிர்வீச்சு பயம் நியாயமானதுதான். வயிற்று சிடி ஒன்றுக்கு சுமார் 8 முதல் 10 மில்லிசீவர்ட் (உடலில் விழும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கையில் நம் மேல் விழுவது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4. அறுபது தாண்டிய அம்மாவுக்கு ஒரு தடவை என்பதால் ஒப்புக்கொண்டோம். இளவயதுப் பெண்ணாக இருந்தால் நானும் யோசித்திருப்பேன். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் படம் துலங்குவதற்காகப் போடும் ஊசி மருந்து ஏற்றாமலேயே எடுத்தார்கள். ஓட்டையையும் தசையையும் பார்க்க அது போதுமானதாக இருந்தது.

எம்ஆர்ஐ எங்கள் வீட்டில் யாரும் எடுத்ததில்லை, அதனால் அதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். தொடை இடுக்கு ஹெர்னியா கணக்கு வேறு. சித்தப்பாவுக்கு இரும வைத்து, கையால் பார்த்தே ஆபரேஷன் தேதி கொடுத்துவிட்டார்கள். அதில் சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்டையே முதலில் எடுப்பேன். தழும்பில் வந்த பெரிய ஹெர்னியாவுக்குத்தான் சிடி என்கிறேன். எடுத்தால் ரிப்போர்ட்டோடு டிஸ்கையும் கவுன்டரிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். நாங்கள் அதற்காக மட்டும் மறுநாள் ஒரு தடவை போக வேண்டியதாயிற்று.