கணக்கில் கெட்டி, சட்டத்தில் கோட்டை விட்ட ஒரு பேரோல் சேவை

நியூயார்க் மாநிலத்தில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று மளிகைக் கடைகள் உள்ளன. ஆல்பனியில் இருப்பது பழைய கடை, அடுத்து வந்தது நியூயார்க் நகரத்துக்குள் இருக்கும் குவீன்ஸ் கடை, யோங்கர்ஸில் சென்ற கோடையில்தான் திறந்தோம். பதினான்கு பேருக்குச் சம்பளம் போட இணையவழி பேரோல் சேவை ஒன்றைப் பயன்படுத்துகிறோம். மாத அடிப்படைக் கட்டணம் 45 டாலர், அதற்கு மேல் ஆளுக்கு 6 டாலர். குறைந்தபட்ச ஊதியம் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் இம்மாநிலத்தில் இத்தகைய சேவையை எதை வைத்து மதிப்பிட வேண்டும் என்பது ஓராண்டு அனுபவத்துக்குப் பிறகே எனக்குப் பிடிபட்டது.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். 2026 ஜனவரி 1 அன்று நியூயார்க் நகரம், லாங் ஐலண்ட், வெஸ்ட்செஸ்டர் கவுன்டி (நம் மாவட்டம் போன்ற பகுதி) ஆகிய இடங்களில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 16.50 டாலரிலிருந்து 17 டாலராகவும், மாநிலத்தின் மற்ற பகுதிகளில் 15.50 டாலரிலிருந்து 16 டாலராகவும் உயர்ந்தது. அந்த நாள் வியாழக்கிழமை என்பதால் எங்கள் சம்பள வாரம் இரண்டாகப் பிளந்தது. குவீன்ஸ் கடையில் ஒருவர் திங்கள் முதல் புதன் வரை 24 மணி நேரமும், வெள்ளி, சனி இரு நாள்களில் 16 மணி நேரமும் வேலை செய்திருந்தார். அவருடைய சம்பளச் சீட்டில் பழைய விகிதத்தில் 396 டாலர், புதிய விகிதத்தில் 272 டாலர், ஆகமொத்தம் 668 டாலர் எனத் தனித்தனி வரிகளாக வந்திருந்தது. நான் எதையும் தொடவில்லை. முன்பெல்லாம் இந்தக் கணக்கைக் கையால் போட்டு, புத்தாண்டு இரவில் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் அந்தச் சீட்டைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வட்டாரத்தைக் கண்டுகொள்வதில்தான் இச்சேவை சறுக்குகிறது. எந்த விகிதம் பொருந்தும் என்பதை வேலை நடக்கும் இடம்தான் தீர்மானிக்கிறது. நிறுவனம் எங்கே பதிவாகியிருக்கிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் புதிய ஊழியரைச் சேர்க்கும்போது இந்த மென்பொருள் நிறுவனத்தின் பதிவு முகவரியைத் தானாகவே பணியிடமாக எடுத்துக்கொள்கிறது. எங்கள் பதிவு முகவரி குறைந்த விகிதம் உள்ள ஆல்பனி. யோங்கர்ஸோ வெஸ்ட்செஸ்டர் கவுன்டியைச் சேர்ந்தது. விளைவாக, அங்கே சேர்ந்த இருவருக்கு முதல் இரண்டு வாரமும் 16.50-க்குப் பதில் 15.50 டாலர் கணக்கில் சம்பளம் போனது. கல்லாவில் இருக்கும் பெண் கைப்பேசியில் சீட்டைக் காட்டி, “அண்ணா, இது ஆல்பனி ரேட் இல்லையா?” என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. ஆளுக்கு 72 மணி நேரம், ஆகவே ஆளுக்கு 72 டாலர் பாக்கி. மறுநாளே கொடுத்துவிட்டோம். பணியிடத்தை மாற்றும் கட்டம் மூன்றாவது பக்கத்தின் அடியில் இருக்கிறது. அதைச் சரிபார்க்காதது என் தவறும்தான்.

ஆனால் 2025 அக்டோபரில் இந்தப் பேரோல் நிறுவனத்திடமிருந்து வந்த சுற்றறிக்கையை என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. பொருளாதார நிலையைப் பொறுத்து ஜனவரி உயர்வு தள்ளிப்போகக்கூடும் என்றும், டிசம்பர் கடைசி வரை விகிதங்களை மாற்ற வேண்டாம் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். உதவி மையத்தில் கேட்டபோது, சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது என்றார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். ஆல்பனி கடையில் ஆறு பேர், வாரம் 40 மணி நேரம், மணிக்கு 50 சென்ட் என்றால் வாரம் 120 டாலர் மிச்சம். இரண்டு நாள் அந்தப் பணத்தை மனத்துக்குள் செலவழித்துக்கொண்டிருந்தேன். அது யாருடைய பையிலிருந்து மிச்சமாகும் பணம் என்பது மூன்றாம் நாள்தான் நினைவுக்கு வந்தது. அதன் பிறகே சட்டத்தைத் தேடிப் படித்தேன்.

நிறுத்திவைக்கும் ஏற்பாடு இருப்பது உண்மை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒவ்வொரு வட்டாரத்தின் பொருளாதாரத்தையும் ஆராய்ந்து, உயர்வைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று பார்க்கும் பொறுப்பு மாநில வரவு செலவுத் துறை இயக்குநரிடம் தரப்பட்டிருந்தது. கொரோனாவால் கடைகள் மூடிக்கிடந்த 2020-இன் இறுதியில்கூட அப்படி நிறுத்தவில்லை. நியூயார்க் நகரமும் அதைச் சுற்றிய கவுன்டிகளும் நீங்கலான பகுதிகளில் ஊதியம் திட்டமிட்டபடி 12.50 டாலராக உயர்ந்தது. 2023-இல் வந்த சட்டமோ 2024, 2025, 2026 ஆகிய மூன்று உயர்வுகளையும் எந்த நிபந்தனையுமின்றித் தொகையாகவே எழுதிவைத்துவிட்டது. 2027 முதல் ஊதியம், விலைவாசி ஏற்ற இறக்கத்தைக் காட்டும் அமெரிக்க வடகிழக்கு வட்டார நுகர்வோர் விலைக் குறியீட்டின் மூன்றாண்டுச் சராசரியோடு சேர்ந்து நகரும். தடை போடும் நிபந்தனைகள் அந்தக் குறியீட்டு உயர்வுகளுக்கு மட்டுமே; இவற்றில் ஏதாவது ஒன்று நடந்தால் போதும்: விலைக் குறியீட்டின் மாற்றம் எதிர்மறையாவது, வேலையின்மை விகிதத்தின் மூன்று மாதச் சராசரி முந்தைய ஓராண்டின் மிகக் குறைந்த அளவைவிட அரை சதவீதப் புள்ளியோ அதற்கு மேலோ உயர்வது, ஜூலை மாத வேலைவாய்ப்பு அந்த ஆண்டின் ஜனவரி, ஏப்ரல் இரண்டையும்விடக் குறைவது. ஆக, 2026 உயர்வைத் தள்ளிவைக்க வழியே இல்லை. பழைய சட்டத்தையும் புதிய சட்டத்தையும் யாரோ ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள்.

அந்தச் சுற்றறிக்கையை நம்பிப் பழைய விகிதத்திலேயே சம்பளம் போட்டிருந்தால் பாக்கித் தொகையோடு அதற்குச் சமமான இழப்பீட்டையும் கொடுக்க நேர்ந்திருக்கும். இம்மாநிலத்தில் ஊதியப் பாக்கிக்கு வழக்குத் தொடர ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. அப்போது பேரோல் நிறுவனம் பொறுப்பேற்காது என்பதை ஒப்பந்தத்தின் பொடி எழுத்துகளில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே கடை, ஒரே வட்டாரம் என்று இருப்பவர்களுக்கு இச்சேவையைத் தயங்காமல் சொல்வேன். இரண்டு வட்டாரங்களில் ஆள் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு ஊழியரின் பணியிடக் கட்டத்தையும் முதல் சம்பளத்துக்கு முன்பே திறந்து பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டு விகிதத்தைத் தெரிந்துகொள்ள இவர்களுடைய கடிதங்களை நான் இனி நம்பப்போவதில்லை. மாநிலத் தொழிலாளர் துறை வெளியிடும் அறிவிப்பைத்தான் பார்ப்பேன். யோங்கர்ஸ் பிழையைச் சொன்ன அன்றே அவர்கள் மன்னிப்புக் கேட்டுத் திருத்தினார்கள். அக்டோபர் சுற்றறிக்கைக்கு மட்டும் இன்றுவரை திருத்தம் வரவில்லை.