ஒரே கூட்டமா, கடைகடையாகப் போவதா?

கொழும்பின் கடைத்தெருப் பகுதியான புறக்கோட்டையில் வடிகான் திருத்துவது போன்ற ஒரு வேலையைத் தொடங்குமுன், சம்பந்தப்பட்டவர்களை எப்படிக் கேட்பது என்று பலர் குழம்புகிறார்கள்.

செலவு: கூட்டமென்றால் மண்டபமும் தேநீரும், அரை நாளில் முடியும். கடைகடையாகப் போக ஒரு கிழமையாவது வேண்டும்.

யார் அகப்படுவார்கள்: இதுதான் முக்கியம். கூட்டத்துக்குச் சங்கத் தலைவர்களும் பெரிய முதலாளிமாரும் வருவார்கள். மூட்டை தூக்கும் நாட்டாமிமார், நடைபாதை வியாபாரிகள், ஆட்டோக்காரர் வருவது கஷ்டம். அன்றைய உழைப்பு போய்விடும். தெருவைத் தோண்டினால் முதலில் அடிபடுவது அவர்கள்தான். நடந்து போனால், 'இன்னும் யாரைக் கேட்க வேண்டும்?' என்று ஒவ்வொருவரிடமும் விசாரிக்கலாம்; பட்டியல் தானாக நீளும்.

மொழி: இரண்டிலும் தமிழ், சிங்களம் பேச ஆள் வேண்டும். அப்புறம், வெள்ளி மதியம் வேண்டாம், ஜும்ஆத் தொழுகை நேரம்.

வேலை தொடங்கும் திகதியை அறிவிக்கக் கூட்டம் சரி. திட்டம் இன்னும் தாளில் இருக்கும்போது நடந்தே போங்கள்.