ஒஸ்டின் ஷியர்லைன் பிரேத ஊர்தி: பாகங்களைத் தருவிப்பதா, இங்கேயே செய்விப்பதா?

1947 முதல் 1954 வரை உற்பத்தியான ஒஸ்டின் ஷியர்லைன் என்ற பிரித்தானியக் காரின் நீளமான அடிச்சட்டத்தின் மேல் பிரேத ஊர்திகளும் அம்புலன்ஸ்களும் கட்டப்பட்டன. அவற்றில் ஒன்றைத் திருகோணமலையில் வைத்துத் திருத்த முனைபவருக்கு மூன்று வழிகள் உண்டு: பிரித்தானியாவிலிருந்து பாகங்களைத் தருவிக்கலாம், உள்ளூர்ப் பட்டறையில் செய்விக்கலாம், அல்லது ஜப்பானிய டீசல் எஞ்சின் ஒன்றைப் பொருத்தி ஓடவிடலாம். மூன்றாவது வழி செலவு குறைந்ததாயினும், பழைய வண்டியின் கூடு மட்டுமே அதில் மிஞ்சும் என்பதால் அதை இங்கே ஒதுக்கிவிடுகிறேன்.

எஞ்சினைப் பொறுத்தவரை தருவிப்பதே மேல். 3,993 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள அந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் லொறி எஞ்சினின் வழிவந்தது. ஒஸ்டினின் மற்றொரு பெரிய காரான பிரின்செஸ் லிமோசீனிலும் 1968 வரை அதுவே இருந்தது. ஆகவே பிஸ்டன், பெயரிங், கஸ்கற் போன்றவற்றை எஞ்சின் இலக்கத்தைக் கொடுத்துத் தேடினால் அகப்படும் வாய்ப்பு அதிகம். அவை சிறியவை என்பதால் அனுப்புகூலியும் தாங்கக்கூடியது. வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில், பல பிரித்தானிய வண்டிகளுக்கும் பொதுவான லூகாஸ் நிறுவன மின்பாகங்களைத் தேடலாமேயன்றி, ஷியர்லைனுக்கே உரியவற்றை எதிர்பார்த்துப் பேருந்து ஏறுவது வீண். ஈயமற்ற பெற்றோலுக்கு ஏற்ற கடினமான வால்வு இருக்கைகளைப் பதிக்கும் வேலையை நல்ல லேத் பட்டறையே செய்து தரும்.

உடற்பகுதியில் கணக்குத் தலைகீழாகிறது. ஒவ்வொரு கூடு கட்டும் நிறுவனமும் தன் அளவில், தன் பாணியில் கட்டியதால், பின்கதவுக்கோ பக்கக் கண்ணாடிச் சட்டத்துக்கோ பாக இலக்கம் என்ற ஒன்றைத் தேடுவதே பயனற்றது. இடப்பக்கம் உக்கியிருந்தால் வலப்பக்கத்தைப் பார்த்து மாதிரி எடுக்கலாம். அதனால்தான், எவ்வளவு உக்கிய துண்டானாலும் மாதிரி எடுத்து முடியும்வரை எறியக்கூடாது. உள்ளிருக்கும் மரச்சட்டத்துக்கு நம்மூர்த் தச்சர் முதிரையைச் சொல்லக்கூடும். திருகாணியை நன்றாகப் பிடிக்குமாயினும், பாரம் கூடியது என்பதால் கூரை வளைவுகளுக்கு நான் தேக்கையே தேர்வேன். உப்புக்காற்றில் திறந்த தகரம் விரைவில் துருவேறும். தகரவேலையையும் முதற்பூச்சையும் வடகீழ்ப் பருவமழைக்கு முன்னரே முடித்துவிட வேண்டும்.

சக்கரம் மாற்ற வண்டியைத் தூக்குவதற்கென வண்டியிலேயே பொருத்தி வந்த நீரியல் ஜாக்கி அமைப்புக்கு இவ்விரண்டு வழிகளும் தேவையில்லை. அதன் குழாய்களை அடைத்து, உறுப்புகளை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, சாதாரண ஜாக்கி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.