திருவிழா இரவுக்கு எதை அழைப்பது: நையாண்டி மேளமா, மெல்லிசைக் குழுவா?

சாமி ஊர்வலம் வருகிற இரவென்றால் நையாண்டி மேளம்தான். இரண்டு நாகசுரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம் என ஒரு செட் வந்து இறங்கினால் போதும். மேடை வேண்டாம், தெருத்தெருவாக நடந்தே வாசிப்பார்கள். மின்சாரம் போனாலும் வாசிப்பு நிற்காது. மழைதான் எதிரி: ஈரத்தில் தோல் தொய்ந்து சத்தம் மங்கும், கருவிகளை வைக்கக் கூரை ஒதுக்குங்கள். தவில்காரர் ஒருவராகக் குறைந்தால் மாற்றி மாற்றி வாசிக்க ஆளின்றி இரண்டு மணி நேரத்தில் வேகம் விழும். ஆகவே ஆள் கணக்கை முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள்.

மெல்லிசைக் குழு உட்கார்ந்து கேட்கும் கூட்டத்துக்கு. கீபோர்டு, ரிதம் பேட், டிரம்ஸ், கிட்டார், நான்கைந்து பாடகர்கள் என்றால் 24க்கு 16 அடி மேடையாவது வேண்டும். பெரும்பாலும் கெடுவது மின்சாரத்தில்தான். சீரியல் விளக்குகளும் கீபோர்டும் ஒரே லைனில் இருந்தால் மின்னழுத்தம் இறங்கி, பாட்டின் நடுவில் கீபோர்டு அணைந்து மறுபடி தொடங்கும். ஒலிக்குத் தனி ஜெனரேட்டர் கேளுங்கள். மைக் சோதனையை மாலை 5 மணிக்கே முடியுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, சிறப்பு அனுமதி இல்லாவிட்டால் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். ஒன்பதுக்குத் தொடங்கும் கச்சேரிக்கு முழுப் பணம் கொடுப்பது வீண்.

ஆடியில் இரண்டுக்கும் தட்டுப்பாடு; சித்திரையிலேயே பேசி முடியுங்கள்.