ஜிப்ஸியா, 540 ஜீப்பா?

ஆனைமலைப் பக்கம் தோப்புக்கு ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வேண்டும் என்று மூன்று மாதம் அலைந்தேன். கடைசியில் தேறியவை இரண்டு: 1997 மாடல் மாருதி ஜிப்ஸி கிங், 1991 மாடல் மஹிந்திரா எம்எம் 540 ஜீப். ஜீப்பைத்தான் வாங்கினேன், அதனால் நடுநிலையெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஜிப்ஸி நல்ல வண்டிதான். எடை குறைவு, 1298 சிசி பெட்ரோல் எஞ்சின், சேற்றில் மற்ற வண்டி புதைகிற இடத்தில் வழுக்கிக்கொண்டு போய்விடும். எனக்கு அதில் பழக்கம் மச்சானுடைய வண்டியை நான்கு நாள் ஓட்டியது மட்டுந்தான். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவையும் திணறாமல் ஏறியது. தூக்கிப்போடுகிறது என்பார்கள். ஜீப் மட்டும் என்ன மெத்தையா, இரண்டிலும் நாலு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங்தான்.

என்னைத் திருப்பியது பராமரிப்பு. 540-இல் இருப்பது 2112 சிசி பியூஜோ டீசல் எஞ்சின், 62 குதிரைத்திறன், விரட்டுகிறவர்களுக்கு ஆகாது. வாங்கிய இரண்டாம் மாதமே முன்பக்கம் கடகடவென்று சத்தம். பட்டையின் முனையைச் சட்டத்தோடு பிணைக்கிற ஷேக்கிளின் புஷ் நைந்துபோயிருந்தது. பொள்ளாச்சி மெக்கானிக் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "கம்பெனி சாமானெல்லாம் எதுக்குங்க, பித்தளையிலயே கடைஞ்சு போட்டுக்கலாம்" என்றார். பையன் சைக்கிளில் லேத்துக்குப் போனான், மதியச் சாப்பாட்டுக்குள் நான்கு புஷ்ஷும் சூடாக வந்துவிட்டன. கோயம்புத்தூரைச் சுற்றிப் பம்பும் மோட்டாரும் செய்தே பழகிய பட்டறைகள், அவர்களுக்கு ஜீப் ஒரு பெரிய சமாச்சாரமே இல்லை. ஜிப்ஸிக்குச் சாமான் கிடைக்காது என்று சொல்லவில்லை, ராணுவத்தில் அத்தனை வருடம் ஓடிய வண்டி. ஆனால் எங்கள் பக்கம் அதன் கார்புரேட்டரைத் துணிந்து பிரிக்கிற கையைத் தேட வேண்டியிருக்கிறது, ஜீப்பைப் பிரிக்க டிராக்டர் மெக்கானிக்கே போதும்.

தோப்பு கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மலையேற மட்டும் என்றால் ஜிப்ஸியே எடுங்கள், மூட்டுவலி தப்பும். 540-இன் ஸ்டீரிங்கை நின்ற இடத்தில் ஒடிக்கத் தனித் தெம்பு வேண்டும்.

அப்புறம், ஜீப் பார்க்கப் போகும்போது டார்ச்சும் கொஞ்சம் மண்ணெண்ணெய்த் துணியும் கையோடு இருக்கட்டும். 15 வருடம் தாண்டிய வண்டி, எப்சி (தகுதிச் சான்று) காட்டி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். நான் பார்த்த ஒன்றில் மெழுகுபோல் பெயின்ட், கேட்ட விலையும் குறைவு, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் எஞ்சின் நம்பர் ஒன்று, ஆர்சியில் இருப்பது இன்னொன்று.